பாலிகைக் கிண்ணத்தில் கப்பல் அரிசி

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் காலையில் தோன்றுவது மாலைக்குள் சட்டமாகிவிடும் காலத்தில், கடலோர ராஜ்யம் ஒன்று இருந்தது. அதன் ராஜாவுக்கு ஒருநாள் ஒரு யோசனை தோன்றியது. அன்னிய தேசத்து வணிகர்கள் நம் சர்க்கரைக்கு நல்ல விலை தருகிறார்கள். அவர்களுடைய அரிசியோ மலிவு. அப்படியிருக்க, சேற்றில் இறங்கி நெல்லுக்குப் பாடுபடுவானேன்?

"இனி வயலெல்லாம் கரும்பு. சோற்றுக்கு வேண்டியது கப்பலில் வரும். நெல் வைத்திருப்பவருக்குச் சிறை" என்று முரசு அறைந்தார்கள்.

அந்தச் சபையில் நான் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். எனக்கும் இனிப்பு பிடிக்கும். கொஞ்ச காலம் ஊரே இனித்தது. பிறகு கரும்பு ஏரியைக் குடித்து முடித்தது. ஒருமுறை காற்று மாறிக் கப்பல் பிந்தியபோது, பிள்ளைகள் கரும்பைக் கடித்துக்கொண்டே தூங்கின. முதல் நாள் அது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது.

இருளாயி என்ற குடியானவள் மட்டும் விதைநெல்லைக் கொடுக்க மறுத்தாள். அதைப் பொதிந்து வைக்கோல் புரி சுற்றிய விதைக்கோட்டையோடு சேர்த்து அவளைச் சிறையில் போட்டார்கள். இளவரசியின் கல்யாணம் முடிந்ததும் நெல்லை அரிசியாகக் குத்திவிட்டு, அவளை நாடு கடத்துவதென்று தீர்ப்பு.

அரண்மனை விகடக்காரன் தொப்பளான் அவளுக்காக வாய் திறந்தான். கல்யாண மும்முரத்தில் ராஜா அதைக் காதில் வாங்கவில்லை. அமைச்சர் மகுடேசர் வாங்கிக்கொண்டார். தம் பேச்சுக்குக் கொட்டாவி விடும் ராஜா, தொப்பளான் தும்மினால்கூடச் சிரிப்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

அந்த வம்சத்தில், மண் நிரப்பிய பாலிகைக் கிண்ணங்களில் நெல் முளைவிட்டு நின்றால்தான் தாலி கட்டுவார்கள். அமைச்சர் பணிவாகத் தொடங்கினார்:

"மகாராஜா, பாலிகை தெளிக்கும் பொறுப்பை நம் தொப்பளானிடமே ஒப்படைக்கலாம். நெல் இல்லாவிட்டால் என்ன, கப்பல் அரிசி இருக்கிறதே! முளைக்காவிட்டால் இவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜா அரிசியைச் சோறாக மட்டுமே பார்த்தவர். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

தொப்பளான் மறுபேச்சுப் பேசவில்லை. கிண்ணங்களில் மண் நிரப்பி, கப்பல் அரிசியைத் தெளித்து, தண்ணீர் விட்டான். பிறகு கிண்ணங்களோடு மேல்மாடத்தில் ஏறிக் கடலைப் பார்த்து நின்றான். சாப்பாடும் அங்கேயே.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ராஜாவும் ராணியும் அமைச்சரோடு பார்க்க வந்தார்கள். கிண்ணங்களில் ஊறி நாறிய அரிசிதான் இருந்தது.

"தொப்பளா! பயிர் எங்கே?"

"வந்துகொண்டிருக்கிறது, மகாராஜா."

"எங்கிருந்து?"

"கடலிலிருந்து. சோற்றுக்கு வேண்டியது கப்பலில் வரும் என்பது தங்கள் கட்டளை. அரிசி வந்த வழியில்தானே அதன் பயிரும் வரவேண்டும்? கண் பூத்துப்போகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"விளையாடாதே! காற்று எதிர்த்து வீசினால் என்ன செய்வாய்?"

"காத்திருப்பேன், மகாராஜா. போன முறை ஊர்ப் பிள்ளைகள் காத்திருக்கவில்லையா?"

ராஜாவின் முகம் மாறியது.

"பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறான், மகாராஜா!" என்றார் அமைச்சர்.

"அப்படியானால் அமைச்சர் பெருமானே தம் கைராசியால் தெளிக்கட்டும்" என்றான் தொப்பளான். "களஞ்சியத்தில் எந்த அரிசியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். நிபந்தனை மட்டும் அதே."

"அப்படியே செய்யும், அமைச்சரே" என்றார் ராஜா.

அமைச்சருக்கு வியர்த்தது. "மகாராஜா... உமி போன அரிசி முளைக்காது. நெல்தான் முளைக்கும்."

"தெரிந்தேதான் சொன்னீரா?"

அமைச்சர் நாறும் கிண்ணங்களை நேராக அடுக்கத் தொடங்கினார்.

"சரி. நெல் கொண்டுவாரும்."

"நாட்டில் நெல் இல்லை, மகாராஜா. தங்கள் கட்டளை."

ராஜா கடலைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு பாய்மரம்கூட இல்லை. ராணிதான் கேட்டாள்: "கப்பலே வராமல் போனால், விதைக்க எதை எடுப்போம்?"

"ஓர் இடத்தில் இருக்கிறது, தாயே. நல்ல காவலுள்ள இடம். நம் சிறை" என்றான் தொப்பளான்.

அவர்கள் சிறைக்குப் போனபோது இருளாயி விதைக்கோட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்ன சாமி, நெல்லக் குத்திப்போட வந்தீகளா?"

ராஜா வாயெடுப்பதற்குள் தொப்பளான் முந்திக்கொண்டான். "இல்ல ஆத்தா. மகாராஜா பொண்ணுக்குக் கல்யாணம். ஒரு கை நெல் கேட்டு வந்திருக்காக."

"இவுகளுக்குக் கேக்கக்கூடத் தெரியுமா?" அவள் ராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புரியை விலக்கினாள். "பொம்பளப் புள்ள காரியம். கையை நீட்டுங்க. மிச்சத்தத் தொடாதீக, அது வெதைக்க. எங்க வெதைக்கன்னுதான் தெரியல. ஏரியில தண்ணி கெடக்கா?"

ராஜா சிரித்தார் என்றுதானே இந்தக் கதைகள் முடிய வேண்டும்? சிரித்தார். தம் சிறையில், தம் கைதியிடம், இரண்டு கையையும் ஏந்தி நின்ற தம் கோலத்தைப் பார்த்தே சிரித்தார். அவள் ஏரியைக் கேட்டது நினைவுக்கு வர, சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"தொப்பளா, உனக்கு என்ன வேண்டும்?"

"இந்தக் கதவைத் திறந்துவிடுங்கள், மகாராஜா. கூடவே முத்துமாலை ஒன்றும் தந்தால், வேண்டாமென்று சொல்லுமளவுக்கு நான் நல்லவன் இல்லை."

இரண்டும் கிடைத்தன. ஏரித் தண்ணீர் முதலில் நெல்லுக்கு, மிஞ்சினால் கரும்புக்கு என்று சட்டம் மாறியது. கப்பல்களும் வந்துபோயின. ஏரியைத் தூர்வாரும் பொறுப்பு அமைச்சருக்குக் கிடைத்தது, மண்வெட்டியோடு.

கல்யாணம் முடிந்ததும் பாலிகைப் பயிரை ஆற்றில் கரைப்பது வழக்கம். அந்த முறை ராஜா கரைக்கவிடவில்லை. கிண்ணங்களோடு சுமந்துபோய், இருளாயியின் வயல் மூலையில் நட்டார்கள்.