நாற்பது இலைப் பந்தி

பின்னொரு காலத்தில், அதாவது இன்னும் வந்து சேராத ஒரு காலத்தில், நாற்பது கோள்கள் கூடிய ஒரு பெரிய கூட்டணி இருந்தது. அதற்கு நடுநாயகமாக இருந்தது தாய்க்கோள். நாற்பது கோளிலும் பிள்ளைகளுக்கு முதல் பாடமே தாய்க்கோளைப் பற்றித்தான். நாற்பது கோளிலும் கூடத்துச் சுவரில் அதன் படம் தொங்கும். எல்லோருக்கும் அதன்மேல் உயிர். குடியிருக்கத்தான் ஆள் இல்லை.

பிழைக்கப் போனவர்கள் போனார்கள், போனவர்களைப் பார்க்கப் போனவர்களும் அங்கேயே தங்கினார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு அரண்மனை, அதன் பின்னால் ஒரு தெரு, எல்லோரையும் சேர்த்தால் அறுபத்தொரு பேர். ஆள் குறைந்தால் வம்பும் குறையும் என்று நினைப்பீர்கள். கிடையாது. பேசுவதற்கு அறுபது பேர்தான் என்று ஆகிவிட்டால் ஒவ்வொருவரைப் பற்றியும் எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது!

அரசர் பெயர் மாவழுதி. மகாராணி காலமாகி ஒன்பது வருஷம். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு கோளில் ஆளுநர்கள். மிகவும் பக்கத்தில் இருக்கும் கோளுக்கே கப்பலில் நான்கு வருஷம் ஆகும் என்பதால், அவர்கள் வருகிறோம் என்று சொல்வதும் இல்லை, இவர் வாருங்கள் என்று கேட்பதும் இல்லை. இரண்டு பக்கமும் கௌரவம்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். அரசர் மதியம் சாப்பிட உட்காரும்போது, எதிரே இரண்டு வரிசையாக நாற்பது வாழை இலை போடுவார்கள். கோளுக்கு ஓர் இலை. பாயசம் வரை எல்லாம் பரிமாறுவார்கள். இலைக்கு முன்னால் ஆள் இருக்காது. ஒரு நாழிகை கழித்து இலைகளைத் திரைக்குப் பின்னால் எடுத்துப் போவார்கள். உபசார மந்திரி மகுடேசர் வெளியே வந்து, "நாற்பது கோளாரும் வந்தனர், அமர்ந்தனர், உண்டு மகிழ்ந்தனர்!" என்று சபையறிய முழங்குவார். மணி அடிக்கும். அரசர் கை கழுவுவார்.

திரைக்குப் பின்னால் போன சாதம் என்ன ஆயிற்று என்று அரசர் ஒரு நாளும் கேட்டதில்லை. தெருவில் கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டு சபையோரின் வீட்டிலும் மதியத்தில் அடுப்பு எரிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகுடேசருடைய இடுப்புப் பட்டையை மூன்று முறை நீட்டித் தைத்தாயிற்று.

இன்னொரு வழக்கமும் உண்டு. அரசரைவிடக் குறைந்தவர் யாரும் அவர் சாப்பிடும்போது கூட உட்காரக் கூடாது. அரசருக்குக் குறையாதவர் யார்? விருந்தாளியாக வரும் கோளார் மட்டும்தான். ஆகவே அவர் தனியாகத்தான் சாப்பிட்டார். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அவர்தான் விகடகவி பூச்சியப்பன். அரசர் ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் கொஞ்சம் சிரிப்பது அவரால்தான். மகுடேசருக்கும் மற்றவர்களுக்கும் அதுதான் தொண்டையில் சிக்கிய முள்.

ஒரு நாள் அரசர் நாற்பது இலைகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"இனி ஒரு கோளார் என் பக்கத்தில் அமர்ந்து உண்டால்தான் நானும் உண்பேன்."

முதல் நாள் பசியில்லை என்று எண்ணினார்கள். இரண்டாம் நாள் அரசர் எழுந்து நடக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டார். வைத்தியர் கையைப் பிசைந்தார். பூச்சியப்பன் நான்கு வேடிக்கை சொல்லிப் பார்த்தார். அரசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பார்த்து மகுடேசர் முன்னால் வந்து வணங்கினார். "பிரபு, கவலை எதற்கு? நம் பூச்சியப்பனார் நேற்றுத் தெருக்குழாயடியில், 'ஒரு விருந்தாளி கிடைக்காமலா போய்விடுவான், நான் ஒரே நாளில் கொண்டுவருவேன்' என்று சொல்லியிருக்கிறார். கேட்ட சாட்சிகள் இருக்கிறார்கள்."

பூச்சியப்பன் சொன்னது முதல் பாதிதான். இரண்டாம் பாதி மகுடேசரின் கைங்கரியம். ஆனால் அரசர் கண்ணில் இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு, இல்லை என்று சொல்லப் பூச்சியப்பனுக்கு வாய் வரவில்லை.

"மெய்யா, பூச்சியப்பா?"

"நாளை மதியம், அரசே."

"வராவிட்டால்?" என்று மகுடேசர் இனிமையாகக் கேட்டார். "சபையில் பொய் சொன்னவருக்கு என்ன தண்டனை என்று தங்களுக்குத் தெரியுமே."

எல்லோருக்கும் தெரியும். நாற்பதாவது கோளுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். அந்தக் கோளின் பெயரே வெகுதூரம். அங்கிருந்து ஒரு வார்த்தை கப்பலில் இங்கே வந்து சேரப் பதினொரு வருஷம் ஆகும். போன மனிதர் யாரும் திரும்பி வந்ததில்லை.

அன்று சாயங்காலம் பூச்சியப்பன் அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனார். சமையல் குருவம்மாள் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, பொட்டி கட்டியாச்சா?"

"கட்டுவதற்கு என்ன இருக்கிறது, குருவம்மா? நான்கு வேட்டி. ஒன்று கிழிசல்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல. நாலு வருசத்துக்குக் குறைஞ்சு ஒரு ஈ காக்கா இங்க வர முடியுமா?"

"வர முடியாது. அதனால்தான் ஏற்கனவே வந்தவர்களைத் தேடலாம் என்று பார்க்கிறேன். திரைக்குப் பின்னால் போகும் இலை எப்படித் திரும்பி வருகிறது?"

குருவம்மாள் சிரித்தாள். "நக்கின மாதிரி வருது. எனக்கு எச்சில் வழிக்கிற வேலை மிச்சம்."

"தோட்டத்தில் நாவல் பழுத்திருக்கிறதா?"

"உதிர்ந்து கெடக்கு. பொறுக்கத்தான் ஆளில்ல."

"நாளைக்கு நாற்பது இலைக்கும் நாவல்பழப் பாயசம். அரசர் தட்டில் வேண்டாம். நீயும் ருசி பார்க்காதே."

"ருசி பார்க்காம எப்படிய்யா இறக்குறது?" என்றாள் அவள், மனத்தாங்கலோடு. ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் மதியம் இலை போட்டாயிற்று. கருநீலப் பாயசம் பளபளத்தது. அரசர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே காலியான தெருக்கள் அடிவானம் வரை போயின. ஒரு நாழிகை ஆயிற்று. இலைகள் திரைக்குப் பின்னால் போயின. சபையோரும் வழக்கம்போலப் பின்னாலேயே போனார்கள். சிறிது நேரத்தில் மகுடேசர் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து, தரையைப் பார்த்தபடி முழங்கினார்.

"நாற்பது கோளாரும் வந்தனர், அமர்ந்தனர், உண்டு மகிழ்ந்தனர்!"

அரசர் கண்ணை மூடிக்கொண்டார். "பூச்சியப்பா, மதியம் ஆகிவிட்டது."

"ஆகிவிட்டது, அரசே. விருந்தாளிகளும் வந்தாயிற்று. உபசார மந்திரி இப்போதுதானே அறிவித்தார்? தங்கள் பக்கத்தில் அழைத்து உட்கார வைக்க வேண்டியதுதான் பாக்கி."

மகுடேசர் திடுக்கிட்டார். "அது மரபுச் சொல், ஐயா! தினந்தோறும் சொல்வது!"

"தினந்தோறும் சபையில் சொல்வது மெய்யா, பொய்யா? பொய் என்றால் சொல்லுங்கள். கப்பலில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. பதினொரு வருஷம் பேசிக்கொண்டே போகலாம்."

மகுடேசர் மீசையை இன்னொரு முறை துடைத்துக்கொண்டார்.

"மெய்தான்" என்றார், காற்றாக.

"நன்று. அப்படியானால் இன்றைய இலைகளில் சாப்பிட்டவர் யாரோ அவரே கோளார். இலைகளுக்கு மட்டும் நாவல்பழப் பாயசம். அரசர் தொடவில்லை, சமைத்தவளும் தொடவில்லை. அரசே, சபையோரை நாக்கை நீட்ட ஆணையிடுங்கள்."

"நீட்டுங்கள்" என்றார் அரசர்.

பன்னிரண்டு நாக்குகள் நீண்டன. பன்னிரண்டும் கத்தரிக்காய் நிறம். வானநூல் பண்டிதருடையது மட்டும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. அவர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருப்பார் போலிருக்கிறது.

பூச்சியப்பன் குரலை உயர்த்தவில்லை. "இவர்களைச் சாதம் திருடியவர்கள் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தங்கள் முன்னிலையில் காத்திருக்கும் விருந்தாளிகள். இவர்கள் யார் என்பதை இவர்களே சொல்லட்டும்."

திருடன் என்றால் கப்பல். கோளார் என்றால் இலை. மகுடேசர் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார் என்கிறீர்கள்?

"நாங்கள்... கோளார்தாம், பிரபு."

அரசர் எழுந்தார். தள்ளாடியபடி வந்து மகுடேசரின் கையைப் பிடித்துத் தம் வலப்பக்கம் உட்கார வைத்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். புது இலைகள் வந்தன. குருவம்மாள் சாதம் வைத்தாள், மகுடேசருக்கு வேண்டுமென்றே ஒரு கரண்டி அதிகமாக. இந்த அதிர்ச்சியில் அவருக்கு எங்கே இறங்கப் போகிறது என்று பார்க்க ஆசை.

"தாங்கள் எந்தக் கோள்?" என்று அரசர் பண்டிதரைக் கேட்டார்.

"நா... நான் மூன்றாம் கோள். எங்களுக்கு இரண்டு சூரியன், பிரபு. துணி சீக்கிரம் காயும்."

அரசர் தலையாட்டிக்கொண்டார். பொய் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எதிரே ஒரு வாய் மென்றுகொண்டே அவருக்குப் பதில் சொல்கிறது. இரண்டு நாள் பசியோடு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

"தாங்கள், மகுடேசரே?"

மகுடேசருக்குச் சரளமாகப் பொய் வரும். அன்றைக்கு வரவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெகுதூரம், பிரபு."

"அங்கே என்ன விசேஷம்?"

"பேத்தி நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கடி, சுவரை விட்டு இரண்டடி. மகன் சொல்லி அனுப்பியிருக்கிறான். போன மாதம்தான் வந்து சேர்ந்தது." சாதத்தை ஓரமாக ஒதுக்கினார். "இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதாகியிருக்கும். ஓடிக்கொண்டிருப்பாள். நான் இன்னும் விழுந்துவிடுவாளே என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

தெருவில் யாருக்கும் இது தெரியாது. மகுடேசர் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று சொல்லத் தெரிந்த தெருவுக்கு, இது தெரியாது.

அரசர் தம் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார். பிறகு வாசற் காவலனைக் கூப்பிட்டார். "உன் ஆட்கள் எங்கே?" என்றார். "தம்பி இருபதாங்கோள்ல இருக்கான், சாமி." "இருபதாம் இலையில் உட்கார்." தோட்டக்காரர் வந்தார். வண்ணாத்தி வந்தாள். குருவம்மாளையும் கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். அவள் மகள் ஒன்பதாம் கோளில். இலைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ஏழு இலைகளுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கோள்களை நினைத்துக்கொள்ள இங்கே ஒருவரும் மிச்சமில்லை. அவற்றுக்கும் பரிமாறினார்கள்.

பூச்சியப்பன் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"உன் இலை எது?"

"எனக்கு எந்தக் கோளிலும் ஆளில்லை, அரசே. பரவாயில்லை, நின்று பழக்கம்."

அரசர் இரண்டு வரிசையையும் எண்ணினார். "தாய்க்கோளுக்கு இலை போட்டிருக்கிறோமா?"

இந்த வழக்கம் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு ஓர் இலை போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"போடுங்கள். என் இடப்பக்கம்."

பூச்சியப்பன் உட்கார்ந்தார். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அரசர் மற்ற விருந்தாளிகளைக் கேட்டதைப் போலவே மரியாதையாகக் கேட்டார். "தங்கள் கோளில் எல்லோரும் நலந்தானே?"

"நலம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறோம், அரசே."

அரசர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாதம் புரையேறச் சிரித்தார். மகுடேசர்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். அரசர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூச்சியப்பன் கழுத்தில் போட்டு, "இனி என் பந்தியில் நீ நிற்கக் கூடாது" என்று ஆணையிட்டார். சபை முழுவதும் வாழ்த்தொலி எழுப்பியது.

சிரித்து முடித்தும் அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரசம் காரம் என்றார்.

"இன்னிக்கு மிளகே போடல" என்றாள் குருவம்மாள், பக்கத்து இலைக்காரியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.