தீட்டென்றால் மாமன், சீரென்றால் பங்காளி

முன்னொரு காலத்தில் பூவாயி என்றொரு விகடகவி, அரசரிடம் கேட்கவே கூடாதென்று பெற்றவள் தலைதலையாய் அடித்துக்கொண்டதை நடுச்சபையில் கேட்டுவிட்டாள்.

"மகாராஜா, எனக்கு உட்கார ஓர் ஆசனம் வேண்டும்."

அவள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான். வழக்கைப் படித்துச் சொல்வது, ஓலைக்குப் பதில் எழுதுவது, அரசர் முகம் சுளித்தால் சிரிக்கவைப்பது எல்லாம் அவள் வேலை. எல்லாம் நின்றபடி. ஆசனங்களில் அரசரின் சொந்தக்காரர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தளவாய் சூரப்பருக்கு உறக்கம் கலைந்தது. "உறவினர் அமரும் இடம் அது. நீ அரசருக்கு என்ன முறை?"

"தாங்கள் என்ன முறை, தளவாய் அவர்களே?"

சூரப்பர் அரசரைத் திரும்பிப் பார்த்தார். அரசருக்கும் தெரியவில்லை. காலையில் சித்தப்பா என்று வந்தவரே மாலையில் மைத்துனர் என்று வருவார். பெண் கொடுத்து, பெண் எடுத்து, அக்காள் மகளையே கட்டி, அந்தச் சொந்தம் சிக்கு விழுந்த நூல்கண்டாய்க் கிடந்தது.

"பூவாயி, யார் எனக்குப் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று நாளைக்குள் பிரித்துச் சொல். சொன்னால் ஆசனம். தவறினால் நாட்டைவிட்டுப் போ."

சபை கலைந்ததும் சூரப்பர் கூட்டாளிகளிடம் குசுகுசுத்தார். "அவ பங்காளின்னு சொன்னா நாம மச்சான். மச்சான்னு சொன்னா நாம பங்காளி. கத்திக்கிட்டே கெடக்கட்டும்."

பூவாயிக்கோ எரிச்சலான எரிச்சல். இவர்கள் பாட்டன் பூட்டனை நான் எதற்குத் தோண்ட வேண்டும்? அவரவர் வாயாலேயே வரட்டும் என்று மறுநாள் சபைக்குப் போனாள்.

"மகாராஜா, தங்கள் பங்காளி வகையில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். பங்காளிகளுக்குப் பதினாறு நாள் தீட்டு. மீசையை மழிக்க வேண்டும். அடுத்த வாரம் வரும் தேர்த் திருவிழா விருந்தில் கை நனைக்கக் கூடாது."

சூரப்பர் மீசையைப் பொத்திக்கொண்டார். "நாங்க மாமன் வகை. தலைமுறை தலைமுறையா மாமன் வகை." அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

"நல்லது. இளவரசிக்குக் காதுகுத்து வருகிறது. மாமன்மார் ஆளுக்கொரு சோடி தங்கத் தோடு சீர் வைக்க வேண்டுமே."

சபையில் இருமல் கிளம்பியது.

"யோசிச்சுப் பார்த்தா," என்றார் சூரப்பர், "எங்க தாத்தாவும் பெரிய ராஜாவும் அண்ணன் தம்பிங்க." அதற்கும் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

அரசர் தம் மீசையைத் தடவினார். "எனக்கும் தீட்டா? இறந்தது யார்?"

"தங்கள் முப்பாட்டனாரின் தம்பி. தாங்கள் பிறக்கும் முன்பே போய்விட்டார். எப்போது என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. மகாராஜா, பிரித்துச் சொல்லிவிட்டேன். தீட்டென்றால் இவர்கள் மாமன், சீரென்றால் பங்காளி, விருந்தென்றால் இரண்டும்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வென்றாய். ஆனால் உறவில்லாதவர் உட்கார இங்கே வழக்கமில்லை. இன்றுமுதல் நீ எனக்குத் தங்கை முறை. வா, உட்கார்."

சூரப்பர் நகர்ந்து இடம்விட்டார். "அப்ப எனக்கு மருமக முறை. வாம்மா மருமகளே."

பூவாயி ஆசனத்தைப் பார்த்தாள். பட்டு மெத்தை, நல்ல மெத்தைதான்.

"நான் கேட்டது ஆசனம், மகாராஜா. அண்ணன் இல்லை."

அவள் உட்காராமல் வாசல் பக்கம் திரும்பினாள். பின்னால் அரசரின் சிரிப்பு நின்றது. யாரோ "இரும்மா" என்றார்கள். முறை இல்லாதவளுக்கு ஆசனம் இல்லாத நாட்டின் எல்லைக்கு எந்தப் பாதை கிட்டம் என்று யோசித்தபடி அவள் படியிறங்கினாள்.