இரண்டாம் மணிக்கு முன்னால்

குணசீலன் ஐயருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு கோயில். நாலு ஊர் சேர்ந்த சேகரத்துக்கு அவர் ஒருத்தர்தான் குருவானவர். காரின் முன்கண்ணாடியில் சிலுவை தொங்கும், பின்கண்ணாடியில் மீன் படம் ஒட்டியிருக்கும். நடுவில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத்தான் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலையில், தனக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த கோயில்பிள்ளை வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தக் கையால இனி அப்பம் கொடுக்கலாமா ஐயா?"

"என்ன செஞ்சுது அந்தக் கை?"

சொன்னார். முந்தின நாள், மூன்றாவது கோயிலை முடித்துவிட்டு நாலாவதுக்குப் பறந்துகொண்டிருந்தார். அங்கே மணியடிக்கிற கோயில்குட்டி போன் போட்டான். "ஐயரே, முதல் மணி அடிச்சாச்சு. ஆராதனை தொடங்க ரெண்டாம் மணி அடிக்கட்டுமா?" "அடிடே, இந்தா வந்துட்டேன்" என்று ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டீயரிங்குமாக வாய்க்கால் பாலத்தில் திரும்பினார். ரோட்டோரம் யாரோ நடந்துபோனார்கள். ஹாரனை விடாமல் அழுத்தினார். ஆள் பதறி உடைமுள் புதருக்குள் விழுந்தது கண்ணாடியில் தெரிந்தது. நிறுத்தவில்லை.

"மணி அடிச்சிட்டான் ஐயா, அதான்..."

"அப்புறம்?" என்று கேட்டார் வாத்தியார்.

"திருவிருந்துக்கு எல்லாரும் முழங்கால் போட்டுக் கை நீட்டினாங்க. அதுல ஒரு கை பூரா முள்ளுக் கீறல். பச்சைக் காயம். நிமிர்ந்து பார்த்தா, நம்ம சபைக்காரி தொர்க்காள். அந்தக் கையிலதான் அப்பத்தை வச்சேன். 'ஆமென்'னு சொல்லி வாங்கிக்கிட்டா. ஒரு வார்த்தை கேக்கல ஐயா. வைதிருந்தாலாவது ராத்திரி தூங்கியிருப்பேன்."



"வண்டியை எடு. அந்தப் பாலத்துக்குப் போவோம்."

ஐயர் வழக்கம்போல ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து ஜெபித்தார். "ஆண்டவரே, இந்த வண்டியில போற எங்களைக் காத்தருளும்."

வாத்தியார் ஆமென் சொல்லவில்லை; அவர் கண் ரோட்டில் நடந்துபோகிறவர்கள் மேல் இருந்தது. ஏன் என்று கேட்க ஐயருக்குத் துணிச்சல் வரவில்லை.

பாதி வழியில் போன் அடித்தது. ஐயரின் கை தன்னால் அதன் பக்கம் போயிற்று. வாத்தியார் அந்தக் கையைப் பார்த்தார். கை திரும்பி வந்தது.

இதே ரோட்டில்தான் முப்பது வருஷத்துக்கு முன்னால் வாத்தியாரின் ஓட்டை ஸ்கூட்டர் ஓடியது. பின்னால் உட்கார்ந்துதான் குணசீலன் ஊர் ஊராகப் பிரசங்கம் பழகப் போனார். அந்த ஸ்கூட்டருக்கு ஹாரன் கிடையாது. ஆள் தென்பட்டால் வாத்தியார் வேகத்தைக் குறைத்துப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். "ஏ மரியசெல்வம், காய்ச்சல் விட்டுதா?" பேர் தெரியாத ஆளென்றால் வண்டியை நிறுத்தி, பேரைக் கேட்டுக்கொண்டுதான் நகருவார். மூன்று மைலுக்கு ஒன்றரை மணி நேரம்! இந்த மனுஷனோடு போனால் நியாயத்தீர்ப்புக்குக்கூட லேட்டாகத்தான் போய்ச் சேருவோம் என்று பின்னால் இருந்து பல்லைக் கடித்திருக்கிறார் குணசீலன். ஆனாலும் அடடா, என்ன நாட்கள் அவை! முகத்தில் வேப்பங்காற்று, காதில் வாத்தியாரின் பாட்டு, ரோட்டில் எதிர்ப்பட்ட அத்தனை பேர் பேரும் மனப்பாடம். அந்தப் பின்சீட்டில் இன்னும் ஒரே ஒருதரம் உட்கார மாட்டோமா என்று இருந்தது ஐயருக்கு.

பாலம் வந்தது. வாத்தியார் இறங்கி, உடைமுள் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"நான் இங்க நிக்கேன். நேத்து வந்த மாதிரியே ஒருதரம் வா."

ஐயர் வண்டியைப் பின்னால் கொண்டுபோய்க் கியர் போட்டார். வளைவில் வாத்தியாரின் வெள்ளை வேட்டி தெரிந்தது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து வந்து, அவருக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டது.

"என்னால ஆகாது ஐயா."

"ஏன்?"

"நீங்கல்லவா நிக்கிறீங்க!"

"நேத்து இங்க நின்னது யாரு?"

ஐயர் வாயைத் திறந்தார். தொர்க்காள் என்று சொல்லத்தான் திறந்தார். அப்பம் கொடுக்கும்போதெல்லாம் சொல்லுகிற ஆண்டவர் பேர்தான் நாவில் வந்து நின்றது. இறங்கி, சாவியை வாத்தியார் கையில் வைத்துவிட்டு, தொர்க்காள் வீட்டைப் பார்த்து நடந்தார்.