கைதான பூட்டு

முன்னொரு காலத்தில் வல்லங்குளம் என்ற நாட்டை அசகாயவர்மன் என்ற அரசர் ஆண்டுவந்தார். நாடு சிறியது. பகைவர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அதனால் அரசர் தமது எச்சரிக்கை முழுவதையும் அரண்மனை ஊறுகாய் அறையின் மேல் செலுத்தினார். அங்கே ஜாடி ஜாடியாக வடுமாங்காய் இருந்தது.

யாரோ ஒரு ஜாடியில் கை வைத்துவிட்டதாக ஒருமுறை அவருக்குச் சந்தேகம் வந்தது. கொல்லரை வரவழைத்துப் பெரிய பூட்டு ஒன்று செய்யச் சொன்னார். "முறையாகத் திருப்பினால்தான் திறக்க வேண்டும். வலுக்கட்டாயமாகத் திருகுகிறவன் யாராக இருந்தாலும் திறக்கக் கூடாது" என்பது கொல்லருக்கு இட்ட உத்தரவு. அந்தக் கதவில் உளி வைப்பவனின் கை வெட்டப்படும் என்பது ஊருக்கு இட்ட உத்தரவு. சாவி அரசரின் இடுப்பில் இருந்தது.

தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அரசர் தாமே போய் வடுமாங்காய் எடுத்துவருவார். சபை முழுவதும் பின்னால் போகும். ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில், வலப்பக்கம் திருப்ப வேண்டிய சாவியை இடப்பக்கம் திருப்பினார். அது நகரவில்லை. இரண்டு கைகளாலும் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம். பாதிச் சாவி கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் தங்கிவிட்டது.

அமைச்சர் ஆவுடையப்பர் பக்கத்தில்தான் நின்றார். சாவி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்தார். உடனே கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் ஏற்கெனவே கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதற்கு யார் காரணம்?" என்றார் அரசர்.

அரண்மனை நிர்வாகி தில்லைவிடங்கர் முன்னே வந்தார். அவருக்கு அமைச்சர் பதவி மேல் கண். வேலையில்லாத மைத்துனன் ஒருவனும் உண்டு. "காவல்காரன் சடையாண்டிதான், மகாராஜா. பூட்டுக்கு எண்ணெய் போடுவது அவன் பொறுப்பு. போட்டிருந்தால் தங்கள் திருக்கரம் பட்டதுமே திறந்திருக்குமே."

"நேற்றுதான் போட்டேன், மகாராஜா" என்றான் சடையாண்டி.

"பொழுது சாய்வதற்குள் இவனைக் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்."

சடையாண்டியின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி என்பது ஆவுடையப்பருக்குத் தெரியும்.

"சரி, என் ஊறுகாய்க்கு என்ன வழி?"

"அமைச்சர் பெரிய அறிவாளி ஆயிற்றே. அவரே திறந்து தரட்டும். கை போனாலும் அறிவு மிஞ்சும்" என்றார் தில்லைவிடங்கர்.

"இலை போடுவதற்குள் திறந்தாக வேண்டும், அமைச்சரே. இல்லாவிட்டால் சடையாண்டியோடு நீரும் கிளம்பும்."

ஆவுடையப்பர் சற்று யோசித்தார். "ஒரு சந்தேகம், மகாராஜா. தங்கள் விருப்பத்தை மீறியது சடையாண்டியா, பூட்டா?"

"இரண்டு கைகளாலும் திருகினேனே. பூட்டுதான் மீறியது."

"அப்படியானால் அதுதான் முதல் குற்றவாளி. முதல் குற்றவாளியை விசாரிக்காமல் இரண்டாம் குற்றவாளியைத் தண்டித்தால் நன்றாக இருக்குமா?"

அந்த நாட்டில் வழக்கு என்று ஒன்று வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அரசரின் முகம் மலர்ந்தது. "பூட்டைச் சபைக்குக் கொண்டுவாருங்கள்."

"உளி வைத்தால் கை போய்விடும் என்பது தங்கள் ஆணை" என்று நினைவூட்டினார் தில்லைவிடங்கர்.

"அது திருடனுக்கு. இது கைது" என்றார் ஆவுடையப்பர். "பூட்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும் நாதாங்கியும் உடந்தைதான். இரண்டையும் சேர்த்தே பிடிக்க உத்தரவாக வேண்டும்."

உத்தரவானது. வீரர்கள் நாதாங்கியைப் பெயர்த்து, பூட்டோடு கொண்டுபோனார்கள். கதவு தானாகத் திறந்துகொண்டது. வடுமாங்காய் வாசனை நடை முழுவதும் பரவியது. விசாரணை முடியும்வரை இருக்கட்டும் என்று ஒரு வீரர் கதவை மரியாதையாகச் சாத்தி வைத்தார்.

சபையில் பூட்டை ஒரு தாம்பாளத்தில் வைத்தார்கள். கொல்லர் கொக்கி போல் வளைத்த கம்பியால் உடைந்த துண்டை இழுத்து எடுத்தார். கொல்லரிடம் இருந்த மாற்றுச் சாவியை வாங்கி, ஆவுடையப்பர் தில்லைவிடங்கரிடம் நீட்டினார். "நீங்களே திறந்து பாருங்கள்."

தில்லைவிடங்கர் எல்லோரையும் போல வலப்பக்கம் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.

"இத்தனை நாள் துரு பிடித்திருந்ததா, கொல்லரே?" என்று கேட்டார் ஆவுடையப்பர்.

"துருவே இல்லை, ஐயா. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்."

"அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை?" என்றார் அரசர்.

சபை மறுபடியும் கூரையைப் பார்த்தது. ஆவுடையப்பர் தாம்பாளத்தின் அருகே போனார். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான். அதைச் சொன்ன பிறகு மூட்டை கட்ட வேண்டியிருக்கலாம்.

"பூட்டின் சார்பில் நான் பேசலாமா, மகாராஜா?"

"பேசும்."

"வலுக்கட்டாயமாகத் திருகுகிறவர் யாராக இருந்தாலும் திறக்காதே என்பது தாங்கள் இட்ட ஆணை. தங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை."

அரசர் தம் கையைக் காற்றில் இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் திருப்பினார். "நான் மாற்றித் திருப்பிவிட்டேனா?"

"கொஞ்சம், மகாராஜா."

"விடங்கரே, நீர் பார்த்தீரா?"

"மகாராஜா திருப்பியதுதான் சரியான பக்கம். பூட்டைத்தான் தப்பாகச் செய்திருக்கிறார்கள்."

அரசர் அவர் பக்கம் திரும்பினார். "எந்தப் பக்கம் திருப்பினாலும் திறந்துகொள்கிறீர். பூட்டு விடுதலை. அதை உம்முடைய ஆசனத்தில் வைக்கிறேன். நாதாங்கியைத் திரும்பப் பொருத்தும்வரை ஊறுகாய் அறை வாசலில் நீர் நிற்க வேண்டும். நானே கேட்டாலும் திறக்கக் கூடாது."

தில்லைவிடங்கர் போய் நின்றார். இலை போட்டாகிவிட்டது என்று தகவல் வந்ததும் அரசரும் போனார்.

"வழி விடும்."

தில்லைவிடங்கர் குனிந்து வணங்கி, கதவை அகலத் திறந்தார். "ஜாடியை நான் எடுத்துத் தரட்டுமா, மகாராஜா?"

அரசர் உள்ளே போகவில்லை. "நீர் வீட்டுக்குப் போகலாம். இனி வர வேண்டாம். சடையாண்டி, கதவைச் சாத்திவிட்டு நீ நில்."

சடையாண்டி நின்றான்.

"வழி விடு."

சடையாண்டி கதவின் குறுக்கே நகர்ந்து நின்றான். "கூடாது, மகாராஜா. தங்கள் உத்தரவு."

அரசர் அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். ஆவுடையப்பர் இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை.

"அவன் சொல்வது சரி, மகாராஜா."

காவல்காரனுக்குச் சம்பளம் இரட்டிப்பானது. அமைச்சருக்கு ஒரு ஜாடி வடுமாங்காய் பரிசாக அறிவிக்கப்பட்டது. நாதாங்கி பொருத்திய பிறகுதான் கைக்கு வந்தது. அரசர் அன்று தயிர்ச்சோற்றை வெறுமனே சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று பரிமாறியவர்கள் சொன்னார்கள்.