ஆட்டிப் பார்க்காத தேங்காய்

இசக்கிமுத்துவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது நாகர்கோவில் சந்தையில். ஒரு தேங்காயைக் காதருகே ஆட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "புலவரைப் படிக்கிறேன்" என்று சிரித்தான்.

புலவர் ஆவுடைநாயகம் வீட்டில் அவன் சமையல்காரன். ஒருநாள் மாலை புலவர் தம் புதுக் கவிதையை நண்பர்களான எங்களுக்கு வாசித்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லோரும் தலையாட்டினோம். காபி கொண்டுவந்த இசக்கிமுத்து மட்டும் கொட்டாவி விட்டான்.

"எலேய், கவிதை தேங்காய் மாதிரி. கஷ்டப்பட்டு உரிச்சாத்தான் பருப்பு. நாளை மத்தியானத்துக்குள்ள இதுக்குப் பொருள் சொல்லு. இல்லேன்னா வேற வீடு பாத்துக்கோ" என்றார் புலவர்.

மறுநாள் மத்தியானம் நாங்களும் அங்கே சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் இலைகளில் சோறும் துவையலும் இருந்தன. புலவர் இலையில் மட்டும் மட்டையோடு ஒரு தேங்காய்.

"என்னலே இது?"

"துவையல், ஐயா. கொஞ்சம் கஷ்டப்பட்டா உள்ள இருக்கும்."

புலவர் விடுவாரா? கடப்பாரையில் குத்தி, வியர்க்க வியர்க்க உரித்து உடைத்தார். உள்ளே பருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"மடையா! உரிக்கக் கொடுக்கும் முன்னாடி ஆட்டிப் பாக்க வேண்டாமா?"

"நேத்து ஐயா கவிதையை ஆட்டித்தான் பாத்தேன். சத்தமே இல்ல. அப்பத்தான் கொட்டாவி வந்துது."

முதலில் சிரித்தது புலவரின் மனைவி. பிறகு புலவரும் சிரித்தார். வேலை பிழைத்தது.

அதன்பின் புலவர் எதை எழுதினாலும் முதலில் அடுக்களையில்தான் வாசித்தார். மனைவி இறந்த வருஷம் எழுதியதும் கடினமான கவிதைதான். இசக்கிமுத்து அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னான். "ஐயா, இதுல தண்ணி கிடக்கு" என்றான்.

இருவரும் போய்விட்டார்கள். அந்தக் கவிதை எனக்கு மனப்பாடம். கடைசி வரி இன்னும் முழுதாக விளங்கவில்லை.