அலையாத்திக் கரை

"ஒரு பாவம் செஞ்சுட்டேன் அம்மா. அது கழியுமா?"

தணிகாசலம் வந்த அன்று கேட்டது இதுதான். அவருக்கு அறுபது வயது. கேட்கப்பட்ட செங்கமலத்துக்கு நாற்பது இருக்கலாம். ஆறு கடலில் சேரும் இடத்தில் குடிசை போட்டு, சேற்றில் அலையாத்தி மரம் வளர்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு பத்து நாள் இருந்தால் மனம் அடங்கும் என்று கேள்விப்பட்டு ஆட்கள் வருவார்கள்.

என்ன பாவம் என்று அவள் கேட்கவில்லை. கூடை நிறைய விதையை நீட்டினாள்.

"வேட்டியை மடிச்சுக் கட்டுங்க. முழங்கால் வரைக்கும் சேறு."

பத்து நாள் ஒரு வருடம் ஆயிற்று.

ஒரு காலையில் அவர் கேட்டார்.

"இந்த உப்புத் தண்ணியில வேற எதுவும் பிழைக்கல. இது மட்டும் எப்படி?"

அவள் ஒரு இலையைப் பறித்து, நக்கிப் பார்க்கச் சொன்னாள்.

கரித்தது.

"குடிக்கிற உப்பை இலை வழியா வெளியே தள்ளிடும். உள்ளேயே வச்சிருந்தா செத்துடும்."

அதற்கப்புறம் மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள், விதை ஊன்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று சொன்னார்.

"முன்னால இங்க பூரா காடு. இறால் பண்ணை போடணும்னு நான்தான் வெட்டினேன். மறு வருஷமே புயல். தடுக்க மரம் இல்ல. கடல் நேரா குப்பத்துக்குள்ள போயிடுச்சு. பத்தொன்பது பேர்."

அவள் அடுத்த விதையை ஊன்றினாள்.

"பதினோரு நாள்ல மொத்தத்தையும் சாய்ச்சேன் அம்மா."

"ஒன்பது நாள்," என்றாள் செங்கமலம்.

அவர் நிமிர்ந்தார்.

"குப்பத்துல எங்க வீட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அஞ்சாம் நாள் உங்க காருக்குக் குறுக்கே வந்து கும்பிட்டேன். மரம் போனா கடல் வந்துடும்னு சொன்னேன். நீங்க கண்ணாடியை ஏத்திக்கிட்டீங்க."

அவர் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பத்தொன்பது பேர்ல…"

"வீட்டுக்காரர். அப்புறம் எட்டு வயசுல ஒரு மக."

அவருடைய கால்கள் சேற்றில் இன்னும் இறங்கின. பிடித்துக்கொள்ளக் கைக்கெட்டிய தூரத்தில் அவள் தோள் மட்டும்தான் இருந்தது. அவர் பிடிக்கவில்லை.

"என்னை எப்போ அடையாளம் தெரிஞ்சுது?"

"நீங்க வந்த அன்னைக்கே."

"தெரிஞ்சுமா ஒரு வருஷம் சோறு போட்டீங்க?"

"ஆமா."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா என் கால்ல விழுந்து அழுதுட்டு, ஊரைப் பார்க்கப் போயிருப்பீங்க."



"இப்போ மன்னிச்சுட்டீங்களா அம்மா?"

செங்கமலம் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல. தண்ணி ஏறுது. அந்த வரிசையை முடிங்க."