அரசர் பிறக்கத் தாமதமான காவியம்

பொற்குன்றை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. எங்கே என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் மலை, ஆறு, எல்லை என்று நீண்டு, கதை வந்து சேராது. அந்த ஆபத்தைப் பற்றித்தான் இந்தக் கதையே.

ராஜ்யத்தை ஆண்டவர் உக்கிரகேசரி. தம் சரித்திரத்தைக் காவியமாகப் பாடும்படி அவைப்புலவர் மாசிலாமணியாருக்கு அவர் ஆணையிட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காவியத்துக்கு முறை உண்டல்லவா? எடுத்த எடுப்பில் தலைவன் பிறந்துவிட முடியாது. மேகம் கடலில் இறங்கி நீர் குடிக்கவேண்டும், மலைமேல் பொழியவேண்டும், ஆறு பெருகி, வயலில் மீன் துள்ளவேண்டும். அதற்கு அப்புறம்தான் அரண்மனையில் தொட்டில் கட்டலாம்.

மாசிலாமணியாரின் மேகம் இன்னும் கடலைவிட்டே எழும்பவில்லை.

காரணம் இருந்தது. எழுதியதை ஒவ்வொரு பௌர்ணமியும் அவையில் படித்துக்காட்டுவது அங்கே வழக்கம். படிப்பது எப்போதும் முதற்பாட்டிலிருந்துதான். புலவர் அதைப் படித்து முடித்ததும் தூமகேதுக் கவிராயர் தொண்டையைக் கனைப்பார்.

"பாட்டு அமிர்தம். ஆனால் மேகத்தை யானை என்றீரே, யானைக்குத் தந்தம் உண்டு, மேகத்துக்கு ஏது?"

அவை தலையாட்டும். புலவர் வீட்டுக்குப் போய் யானையை எருமையாக்குவார்.

அடுத்த பௌர்ணமிக்கு, "பாட்டு அமிர்தம். ஆனால் எருமை எமன் வாகனமாயிற்றே! முதற்பாட்டிலேயே எமனா?"

எருமை மறுபடியும் யானையாகும்.

ஒருநாள் அரசருக்குப் பொறுமை போய்விட்டது.

"புலவரே, நான் எப்போதுதான் பிறப்பேன்?"

"முதற்பாட்டு அமைந்ததும், மகாராஜா."

"என் தாயாரே என்னைப் பத்து மாதத்தில் பெற்றுவிட்டார்! தைப்பூசத்துக்குள் நான் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்து, போரிலும் வென்றாகவேண்டும். இல்லாவிட்டால் நீர் நாட்டைவிட்டுப் போகலாம். உம் வீடும் பட்டமும் கவிராயருக்கு."

கவிராயர் மிகவும் வருந்துகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். கண்கள் மட்டும் அந்த வீட்டின் மாடியை அப்போதே அளந்துகொண்டிருந்ததைக் காளத்தி கவனித்தான்.

காளத்திக்கு அவையில் என்ன உத்தியோகம் என்று ஒருவருக்கும் தெரியாது. அரசர் சிரிக்க வேண்டியபோதும் அவனைக் கூப்பிடுவார்கள். அரசருக்குப் புத்தி சொல்ல வேண்டியபோதும் கூப்பிடுவார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் நேர்ந்தன.

மறுநாள் காலை அவன் புலவர் வீட்டுக்குப் போனான். உள்ளே புலவரின் மனைவி சட்டிப்பானைகளை மூட்டை கட்டும் சத்தம். புலவரோ எழுத்தாணியும் கையுமாக முதல் ஓலைமேல் கவிழ்ந்திருந்தார்.

"வா காளத்தி! யானையும் வேண்டாம், எருமையும் வேண்டாம். மயில் என்று வைத்தால்?"

"வைக்கலாமே. மயிலுக்குக் கால் அழகில்லை என்பார் கவிராயர்."

புலவர் முகம் வாடியது. "அட, ஆமாம். அப்படியானால்..."

எழுத்தாணி ஓலையில் இறங்குமுன் காளத்தி ஓலையை உருவி மடியில் செருகிக்கொண்டு நடந்தான். "அடப்பாவி!" என்று புலவர் அரண்மனைவரை பின்னாலேயே ஓடினார்.

அரசர் முன்னிலையில் காளத்தி ஓலையை ஒரு சந்தனப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

"மகாராஜா, இந்தப் பாட்டு தங்களுடையது. இதைத் தொடுகிறவன் கஜானாவில் கைவைத்தவன் என்று ஆணையிடவேண்டும்."

"அப்படியே ஆகட்டும்."

"ஒரே ஒரு சொல், மகாராஜா!" என்று புலவர் கதறினார். "மூன்றாம் அடியில்தான்!"

"திருத்தலாம் ஐயா, யார் வேண்டாமென்றது?" என்றான் காளத்தி. "மகாராஜா பிறந்தால் பெட்டியைக் கண்ணால் பார்க்கலாம். அவருக்குக் கல்யாணமானால் பூட்டைத் தொடலாம். எதிரி விழுந்த அன்று சாவி உங்கள் கையில்."

அன்று சாயங்காலத்துக்குள் உக்கிரகேசரி பிறந்தார். மேகம், மலை, ஆறு எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டன; வயலில் மீன் துள்ளியதா என்று யாரும் நின்று பார்க்கவில்லை. புலவர் ஓலைகளை நீட்டிவிட்டுப் பெட்டியை ஏக்கத்தோடு பார்த்துப் போனார். தலைவன் காதலில் மெலிவதற்குக்கூட அவகாசம் கொடுக்காமல் முகூர்த்தம் வைத்துவிட்டு, ஓடிவந்து பூட்டைத் தடவினார். முதற்பாட்டு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்ததால் பௌர்ணமிப் படிப்பு நடக்கவில்லை. கவிராயரின் தொண்டை கனைக்க வழியில்லாமல் துருப்பிடித்தது.

தைப்பூசம் நெருங்கியபோது எதிரி விழுந்தான். புலவர் பெட்டியைத் திறந்து ஓலையைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதை எழுதியது யார்?"

"தாங்கள்தான் ஐயா."

"இது வேறு ஏதோ காவியத்தின் முதற்பாட்டு. நான் எழுதியதற்குப் பொருந்தவே பொருந்தாது!"

ஓலையைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்தார். வெற்றிலை போட்டு முடிக்கும் நேரத்தில் புதுப்பாட்டு தயார்.

அரசர் வியந்தார். "ஒன்பது வருஷம் வராதது இப்போது மட்டும் எப்படி வந்தது?"

"வீடு கட்டுமுன் வாசலில் கோலம் போட்டால், மகாராஜா," என்றான் காளத்தி, "வருகிறவன் போகிறவன் காலெல்லாம் அதன்மேல்தான்."

தைப்பூசத்தன்று அரங்கேற்றம். புலவர் முதற்பாட்டைப் படித்து வாய் மூடுமுன் கவிராயர் எழுந்துவிட்டார். எத்தனை மாதத்துக் கனைப்பு!

"பாட்டு அமிர்தம். ஆனால் மேகத்தை யானை என்றது..."

"இதில் யானை இல்லையே," என்றார் அரசர்.

"எருமை என்றதும்..."

"எருமையும் இல்லை. மேகமே இல்லை. நீர் எதைக் கேட்டீர்?"

கவிராயர் உட்கார்ந்தார். அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. இரண்டாம் பாட்டில் குற்றம் கண்டு அவருக்குப் பழக்கமில்லை. பொற்குன்றை அவை அன்றுதான் முதன்முதலாக ஒரு காவியத்தின் இரண்டாம் பாட்டைக் கேட்டது.

புலவருக்குப் பல்லக்கு கிடைத்தது. காளத்தி சந்தனப் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"மகாராஜா, கவிராயரை வெறுங்கையோடு அனுப்பலாமா? இந்தப் பழைய பாட்டின் குறைகளையெல்லாம் அறிந்தவர் இவர் ஒருவர்தான். இதைக் குற்றமறத் திருத்திக்கொண்டு வரட்டுமே. அதுவரை அவைக்கு வந்து சிரமப்படவேண்டாம்."

அரசர் சிரித்த சிரிப்பில் சாமரம் வீசியவளும் சிரித்துவிட்டாள். அவர் தம் முத்துமாலையைக் கழற்றிக் காளத்தியின் கழுத்தில் போட்டார்.

பெட்டியோடு போன கவிராயர் இன்னும் திரும்பவில்லை. மேகத்தை ஒட்டகம் என்று வைத்திருப்பதாகக் கடைசியாகக் கேள்வி.